பாய் விரிக்காத வட்டம்

திண்டிவனத்தில் உள்ள நம் பள்ளியின் பாலர் வகுப்பை முப்பத்து நான்கு ஆண்டுகள் நடத்திப் பணி நிறைவு பெறும் ஆசிரியை அற்புதமேரி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றும் நாங்கள் 30.4.1988 சனிக்கிழமை அன்று வாசித்தளிக்கும் மடல்

அன்பின் ஊற்றே! அரிச்சுவடியின் அன்னையே!

அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை அணைத்து, அகரம் எழுதவைத்து, அடுத்த வகுப்புக்கு அழகாகச் சிரிக்கவைத்து அனுப்பிய அருந்தகையே! விழுப்புரத்தில் விடியுமுன் எழுந்து, பாசஞ்சர் வண்டி பிடித்து, திண்டிவனம் நிலையத்திலிருந்து குடையும் கூடையுமாக நடந்து, முதல் மணிக்கு முன்பே முற்றத்தில் வந்து நிற்கும் முறை தவறாத முதுபெரும் ஆசிரியையே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வழியனுப்ப மனமின்றி வழியனுப்புகிறோம்.

இந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் வேலை இரண்டாம் வகுப்பு ராஜாமணியின் தலையில்தான் விழும். அந்த ராஜாமணி நான்தான். இதுவரை ஏழு பேருக்கு எழுதியிருக்கிறேன். கருணைக் கடல், பொறுமையின் பூமி, ஒழுக்கத்தின் உறைவிடம் என்று அதே அடைமொழிகளை ஆளுக்கு ஆள் இடம் மாற்றி அடுக்கிவிடுவேன். வாங்கியவர்களும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். இரண்டாம் முறை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தங்களுக்கு அப்படி எழுதித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. 1982ஆம் ஆண்டின் முதல் பருவத்தைச் சொல்லாமல் தங்களைப் புகழ்ந்தால் அது பாதிப் புகழ்ச்சிகூட ஆகாது. தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் அனுமதி பெற்றே எழுதியிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

பாய் விரிக்கக் கற்றுத் தந்த பண்பே!

மற்றவர்கள் சிலேட்டைக் கொடுத்துப் பாடம் தொடங்குவார்கள். தாங்கள் கோரைப்பாயைக் கொடுத்துத் தொடங்குவீர்கள். பாலர் வகுப்புக்குப் பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை தூக்கம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து சின்னப் பாய் ஒன்று கொண்டுவர வேண்டும், ஓரத்தில் பெயர் தைத்திருக்க வேண்டும், தன் பாயைத் தானே விரித்துத் தானே சுருட்ட வேண்டும். "பாயை நேரா சுருட்டத் தெரிஞ்ச கைக்கு எழுத்தும் நேரா வரும்" என்று பெற்றோரிடம் சொல்வீர்கள். மல்லாட்டை மண்டிக்காரர் பேத்தியும், மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில் பிள்ளை மகளும், கரும்பு வெட்டுகிறவர் மகனும் அக்கம்பக்கமாகப் படுத்து ஒரே நேரத்தில் தூங்கிய அந்த அறையைக் கடக்கும்போது நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம்.

1982 ஜூனில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான்கு வயதான என் மகள் பூங்காவனமும் அவர்களில் ஒருத்தி. முதல் நாள் மதியம் பாய் விரித்தபோது அத்தனை பேரும் சுவரோரமாக நெருக்கியடித்துப் படுத்தார்கள். அறையின் நடுவே, இரண்டு பேர் கைகோத்துச் சுற்றினால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் வட்டமாகக் காலியாய்க் கிடந்தது. ஆயா அஞ்சம்மாள், பிள்ளைகள் மூச்சுமுட்டுவார்களே என்று ஒரு பாயைத் தூங்கும் சிறுமியோடு சேர்த்து நடுவே இழுத்துவிட்டார். அந்தச் சிறுமி கண்ணைத் திறக்காமலேயே எழுந்து, பாயை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் மறுபடி படுத்தாள். ஆயா அன்று மாலை என்னிடம் வந்து, "எனக்கு என்னமோ சரியாப் படல டீச்சர்" என்றார். நான் சிரித்தேன்.

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஓடிப்பிடித்து விளையாடினாலும் வட்டத்தைச் சுற்றித்தான் ஓடினார்கள். உருண்டுபோன பந்தை எடுக்க ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஜூலையில் வளவனூரிலிருந்து மாற்றலாகி வந்த தபால்காரரின் மகள் புதிதாகச் சேர்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்று ஒரு முறை பார்த்தாள். பிறகு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

தாங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள், "ஏன் கண்ணு, நடுவுல போவ மாட்டியா?"

"அங்க எடம் இல்ல டீச்சர்."

"யாரு இருக்காங்க அங்க?"

அந்தப் பெண் தங்களை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "யாரும் இல்ல டீச்சர். யாராச்சும் வந்து குந்தணும். அதான் எடம் இல்ல."

பிள்ளைகள் சொல்லுக்குச் செவி சாய்த்த பேரறிவே!

ஆசிரியர் அறையில் நாங்கள் இதைப் பேசிப் பேசிச் சிரித்தோம். அடியில் பழைய கிணறு இருக்கும் என்றார் ஒருவர், கல்லறை இருக்கும் என்றார் மற்றொருவர். கொத்தனார் தாண்டவராயனை அழைத்துத் தரையைப் பெயர்த்து இடுப்பளவு தோண்டச் சொன்னோம். செம்மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. மூடிப் பூசிவிட்டு வெளியே வந்தவர், "நல்ல மண்ணுதாங்க, ஒண்ணும் கெடையாது. மிச்ச வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவருடைய கொத்துக்கரண்டி இன்றும் ஆயாவின் அலமாரியில்தான் இருக்கிறது. பங்குத்தந்தை வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் கைகூப்பி அழகாக ஆமென் சொன்னார்கள். மதியம் ஆனதும் பழையபடியே பாய் விரித்தார்கள்.

ஆகஸ்டில் மேலும் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. நடுவிடத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று அப்போதைய தலைமையாசிரியை ஆணையிட்டார். தாங்கள், எவரிடமும் குரல் உயர்த்திப் பேசாத தாங்கள், "புள்ளைங்களுக்குத் தெரியுது மதர், நமக்குத் தெரியல. தெரியாதவங்க தெரிஞ்சவங்களுக்கு உத்தரவு போடக் கூடாது" என்று சொன்னீர்கள். அதற்கு விளக்கம் கேட்டு எழுத்தில் ஒரு மெமோ வந்தது. அதையும் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தப் போனீர்கள். அந்தப் பத்துப் பேரை அந்த ஆண்டு சேர்க்கவில்லை. அற்புதமேரி டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று ஆசிரியர் அறையில் முதலில் சொன்னவள் நான். இன்று சபையறிய அதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மகளை மீட்டுத் தந்த மாதரசியே!

செப்டம்பரில், காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், தங்கள் தமையனார் திருவெண்ணெய்நல்லூரில் இறந்துபோனார். தாங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்தீர்கள். பாலர் வகுப்பு அன்று என் பொறுப்பில் விடப்பட்டது.

எனக்கு அப்போது இருந்த திமிருக்கு அந்த வாய்ப்பு வெல்லமாக இனித்தது. ஒன்றுமில்லாததற்கு ஊரே பயப்படுகிறதே, இன்றோடு முடித்துவைக்கிறேன் என்று பூங்காவனத்தின் பாயை எடுத்து நட்டநடுவில் விரித்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா" என்றாள்.

"டீச்சர் பொண்ணே பயந்தா மத்தவங்க என்னா பண்ணுவாங்க? படு" என்றேன்.

சொல் பேச்சுக் கேட்கிற பெண். போய்ப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் தத்தம் பாய்களில் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை, ஒருவரும் அழவில்லை, ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி அடித்தது. அவள் எழவில்லை. மூச்சு சீராக இருந்தது, முகம் தெளிவாக இருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தரையில் எழுதிக்கொண்டிருந்தது. வகுப்பில் அதுவரை ஈகாரம்தான் நடந்திருந்தது. அந்த விரல் அகரத்தில் தொடங்கி ஆய்தம் வரை எழுதியது. பிறகும் நிற்காமல், இருபது ஆண்டு ஆசிரியையான எனக்குத் தெரியாத எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனது. நான் அவளைத் தூக்கினேன். தூக்கியதும் மூச்சு நின்றது. பதறிக் கீழே விட்டேன், மூச்சு வந்தது. ஆயாவும் நானுமாக இன்னொரு முறை முயன்றோம், அதே கதிதான். மூன்றாம் முறை முயல எனக்குத் துணிவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்து, "நல்லாத்தான் தூங்குது, எழுந்துக்கும்" என்றார். வட்டத்தைவிட்டு வெளியே வந்து நின்ற பிறகுதான் தம் பையை மூடினார். விடியும்வரை அந்தத் தரையில் அவளருகே உட்கார்ந்திருந்தேன். வேண்டாத தெய்வம் இல்லை, மாதாவையும் சேர்த்து.

காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கிய தங்களிடம் ஆயா வாசலிலேயே சொல்லிவிட்டார். தாங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றினீர்கள். காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைப் பாய் விரிக்கச் சொன்னீர்கள். பிறகு வட்டத்துக்குள் நடந்துபோய், பூங்காவனத்தின் அருகே சம்மணமிட்டு அமர்ந்து, யாரிடம் பேசினீர்களோ தெரியாது, மெல்லச் சொன்னீர்கள், "நான் இருக்கறேன். கொழந்த போவட்டும்."

எழுதிக்கொண்டிருந்த விரல் நின்றது. என் மகள் கண் விழித்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அந்த நொடியிலேயே மற்ற முப்பத்தெட்டுப் பேரும் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

இடம் காத்த இணையிலியே!

அன்றிலிருந்து தங்கள் நாற்காலி வகுப்பின் நடுவே வந்தது. ஒரு மணி முதல் மூன்று மணி வரை தாங்கள் அதில் அமர்ந்தால், பிள்ளைகள் தங்கள் பாதம் வரை பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கினார்கள். மஞ்சள்காமாலை வந்த மாதத்திலும் வந்தீர்கள். பெருமழையில் ரயில் ஓடாத நாளில் நெல் லாரியில் ஏறி வந்தீர்கள். 1986இல் பாலர் வகுப்பைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். பிள்ளைகள் அங்கேயும் முதல் நாளே அதே அளவில் வட்டம் விட்டார்கள். தாங்கள் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டுக்கொண்டீர்கள். ஐந்தரை ஆண்டுகளில் ஒரு நாள் விடுப்பில்லை. சேவை மனப்பான்மை என்று கல்வி அதிகாரி பாராட்டினார். அவருக்கு என்ன தெரியும்.

அந்த இரண்டு மணி நேரமும் தங்கள் வலது ஆள்காட்டி விரல் நாற்காலியின் கைப்பிடியில் எழுதிக்கொண்டே இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று மணிக்கு எழும்போது தங்கள் கை சில்லென்றிருக்கும். ஆயா சுடச்சுடக் காபி தருவார். குடித்து முடிக்கும்வரை எங்கள் பெயர்கள் தங்களுக்கு நினைவுக்கு வராது. முதலாண்டில் அரை டம்ளரிலேயே வந்துவிடும். இந்த ஆண்டு இரண்டு டம்ளர் வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் ஒரு நாள், தங்கள் சொந்தப் பெயரை ஆயாவிடம் கேட்டீர்கள்.

இம்மாதம் பதினெட்டாம் தேதி, தாங்கள் இல்லாமல் நடக்குமா என்று பார்ப்பதற்காக ஒரு மணிக்கு நாற்காலியைவிட்டு எழுந்தீர்கள். பிள்ளைகள் ஒரு சத்தமும் இல்லாமல் பாய்களைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போனார்கள். தாங்கள் மறுபடி அமர்ந்தீர்கள். மாலையில் என்னிடம், "ரிட்டயர் ஆனா என்னா ராஜாமணி, சும்மாவே வந்து உக்காந்துக்கினு இருந்துட்டுப் போறேன்" என்றீர்கள்.

வேண்டாம், டீச்சர். கூடாது. பாலர் வகுப்புக்கு மாற்றிக்கொடுக்கும்படி சிஸ்டரிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் பதினோரு ஆண்டுப் பணி இருக்கிறது.

தாங்கள் ரயில் பாஸைத் திருப்பிக் கொடுக்க நிலையத்துக்குப் போய், ஒரு மணிக்குள் திரும்ப முடியாமல் தாமதமான நேற்று மதியம், தங்களிடம் சொல்லாமல் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் என் பாதம் வரை பாய் விரித்தார்கள். குளிர்ந்தது, வேறொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பூங்காவனம் ஏதோ கேட்க வந்து வாசலில் நின்றாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆயாவிடம், "எங்க அம்மா எங்க ஆயா?" என்று கேட்டாள். நான் கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை.

இன்று காலை இதைத் தங்களிடம் சொன்னேன். "அங்க குந்தியிருக்கறப்ப பெத்த புள்ள கண்ணுக்குத் தெரியாதுபோல. எனக்கு யாரும் தேடிக்கினு வரல, அதால அது தெரியாமலே போச்சி" என்றீர்கள். வேண்டாம் என்று என் கையையும் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, டீச்சர். என் மகள் கண் விழித்து, தன் காலில் நின்று, என்னைத் தேடுகிறாள். அது போதும் எனக்கு.

இனித் தூங்கப் போகும் தாயே!

விழுப்புரத்து வீட்டில், மின்விசிறியின் கீழே, பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை தாங்கள் கால் நீட்டிப் படுத்து, கை விரல்கள் அசையாமல், கனவு எதுவும் வராமல், நூறாண்டு காலம் நிறைவாகத் தூங்கி எழ வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் காலைப் பாசஞ்சரில் தாங்கள் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் வந்தாலும் ஆயா கேட்டைத் திறக்க மாட்டார், சொல்லிவைத்திருக்கிறோம்.

என்றென்றும் தங்கள் அன்பை மறவாத,
ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரின் சார்பாக,

வளவனூர் ராஜாமணி,
பாலர் வகுப்பு ஆசிரியை,
திண்டிவனம், தென்னார்க்காடு மாவட்டம்.