எந்த ராஜ்யம்னு கேட்ட டாக்டர்

எனக்கு மறதியாம்! சொல்லுகதுக்கு ஒரு டாக்டர் வேற! நீ பலகைய எளுது மக்கா, பிரஷ நிறுத்தாண்டாம். காதுதானே எனக்கு வேணும்.

உதியன்குளங்கரையில எழுவத்திரெண்டு வருசமா இருக்கேன். செல்லசாமின்னு சொன்னா பஸ்காரன் இந்த முக்குல எறக்கி விடுவான். எனக்காக்கும் பரீட்ச! எல்லாம் மருமவ சரோஜத்துக்க வேல. எனக்க வேட்டியில தாரு ஒட்டியிருந்துதாம். எங்கயிருந்து வந்துதுன்னு கேட்டா. தெரியாதுன்னேன். தெரியாதத தெரியாதுன்னு சொல்லுகது குத்தமா? ஒடனே மொவன் சோமன், அந்தா, ரோட்டுக்கு அந்தப்பக்கம் வடக்கேருந்து வந்திருக்கான்லா புது டாக்டர், அவனுக்க முன்ன கொண்டு இருத்திட்டான்.

எந்த வருசம்னான். ஆயிரத்து நூத்தி முப்பத்திரெண்டு, அய்ப்பசின்னேன். அவன் மொகத்தப் பாக்கணுமே! நம்ம கொல்லம் வருசக்கணக்கு தெரியாதவனெல்லாம் டாக்டரு! அவனுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்தாறாம். பெறவு மூணு சாமானம் சொன்னான், கடசீல கேப்பானாம். கொட, வாழக்கொல, பின்னே... செரி, அது கெடக்கட்டு.

அடுத்து கேட்டான் பாரு, இது எந்த ராஜ்யம்னு! நான் பொறந்தது திருவிதாங்கூரு. இப்ப திரு-கொச்சி. அடுத்த மாசம் கேரளம்னு மலையாளத்துக்காரனுவ. தமிழ்நாட்டோட சேராம விடமாட்டோம்னு நாம. இதுல எது வேணும் சாரேன்னேன். அவனுக்கே தெரியல்ல! தப்பு மட்டும் எனக்கு போட்டான்.

டாக்டருக்க ஜன்னல் வழியா, ஊருக்கும் ராஜ்யத்துக்கும் பேரு எளுதியிருந்த இந்தப் பலகையப் பாத்துச் சொல்லலாம்னா, எந்த சவமோ முழுக்க தாரு பூசி வச்சிருக்கு! அவனாலயாக்கும் நான் தோத்தது. வியாழக்கெழம திரும்பப் போவணும். அதுலயும் தோத்தா என்னத் தனியா வீட்ட விட்டு எறக்க மாட்டாவளாம். இந்த முக்குல வந்து நாலு மனுசரப் பாக்காட்டா நான் செத்துருவேன் மக்கா. சத்தியமா பயமா இருக்கு.

தாரு பூசுன பய மட்டும் கையில கிட்டட்டும்... நில்லு, நில்லு. கீழ மூலையில என்னது, கை பதிஞ்சிருக்கு? மடையன் அடையாளம் வச்சிட்டுல்லா போயிருக்கான்! வெரல எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சுண்டுவெரலக் காணல்ல...

எலே, எனக்க கைய எதுக்குப் பாக்க? இது மரமில்லுல போன வெரலாக்கும். ஊருல வேற எவனுக்கும் போயிருக்காதா?

வச்சுப் பாக்கட்டு...

...

மக்கா, ராஜ்யத்துக்க பேரு பெறவு எளுதலாம். மொதல்ல அந்தக் கைய வெள்ள அடிச்சு மறச்சிரு. நான் மறந்துட்டேன். நீயும் மறந்துரு.