கோச்சி உத்தியோகம்

அப்பா: சப்பாத்தை இறுக்காதை… கால் விறைக்குது.

பீற்றர்: தளர்வாக் கட்டினால் கணுக்கால் பிரளும், அப்பா.

அப்பா: ஞாயிற்றுச் செபமாலைக்குப் போறவனுக்குக் கணுக்கால் ஏனடா பிரளுது? றோஸ்மலர் வீட்டுச் செற்றியிலை இருந்து மணி உருட்டுறதுதானே.

பீற்றர்: கை அப்பிடிப் பழகிப் போச்சு.

அப்பா: எங்கை பழகினது? நானும் ஊரிலை காலம் முழுக்கக் கோச்சியிலை, றெயில் கார்ட்டா நிண்டனான். குதிரைக்கு லாடம் அடிக்கிற மாதிரி ஒருத்தரும் சப்பாத்துக் கட்டினதைக் காணேல்லை.

பீற்றர்: இங்கத்தைக் கோச்சி வேறை, அப்பா.

அப்பா: ஓம்… வேறைதான்.

டொலறஸ்: இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. சொல்லிப்போட்டீங்களோ?

பீற்றர்: என்னத்தை?

டொலறஸ்: மாமாவுக்குச் சீனி எவ்வளவு எண்டு கேக்கச் சொன்னனான்.

அப்பா: மூண்டு வருசமா என்ரை மருமகளுக்கு என்ரை சீனி தெரியாது. கேட்டியே கதையை.

டொலறஸ்: மறந்துபோனன், மாமா.

அப்பா: நீயோ? ஆரின்ரை பிறந்தநாளையும் மறவாத ஆள் நீ.

பீற்றர்: மற்றக் காலைத் தாங்கோ. அதென்ன, ரெண்டு சுவெற்றர்?

அப்பா: றோஸ்மலர் ஹீற்றர் போடமாட்டா. கவுன்சில் வீடு, சுவரெல்லாம் ஈரம்.

பீற்றர்: தொண்டையும் கட்டிக் கிடக்கு.

அப்பா: பாட்டுப் படிக்கிறதடா. அந்தோனியார் பாட்டு. மேல் சுருதி.

டொலறஸ்: மாமா நல்லாப் படிக்கிறவர்.

பீற்றர்: நீயும்தான் ஞாயிறு இரவிலை குரல் அடைச்சு வாறாய்.

டொலறஸ்: நான் பின்பாட்டு.

அப்பா: விடு, போதும். என்ரை மங்கிக் குல்லா மேலை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்.

பீற்றர்: இருங்கோ, நான் எடுக்கிறன்.

அப்பா: நீ இரு. உப்பிடிக் கட்டின பிறகு கணுக்கால் எங்கை பிரளுறது.

டொலறஸ்: மேலை போயிட்டார். இப்ப சொல்லுங்கோ. நாலு மணிக்கு அந்தக் கிளப் மனிசன் போன் எடுக்கும். என்ன சொல்லப் போறீங்கள்?

பீற்றர்: ஏலாதெண்டு. அப்பிடிப் பாராதை.

டொலறஸ்: பாக்காமல்? இருபது வருசமா ஐஸ் ஹொக்கி விளையாடினீங்கள். ஸ்ட்றெதம், சௌதாம்ப்டன், பீற்றர்பரோ… சீசனுக்கு ஒரு ஊர். செபஸ்தியாம்பிள்ளை எண்டு சொல்ல நாக்கு வராமல் பிள்ளையைப் பில்லி ஆக்கினாங்கள். நான் பெட்டி பிரிக்காமலே குடும்பம் நடத்தினன்.

பீற்றர்: நான் என்ன இல்லையெண்டே சொன்னனான்?

டொலறஸ்: இப்ப பகலிலை டெலிவரி வான் ஓடிப்போட்டு, பின்னேரத்திலையும் ஞாயிறு மச்சுக்கும் போய்க் கோச் பண்ணுறீங்கள். உங்களை ஒரு நாளும் முதல் ஆளா ஒருத்தரும் கேட்டதில்லை. இண்டைக்குத்தான் ஒருத்தன், வான் ஓடவேண்டாம், விளையாடவேண்டாம், வந்து என்ரை பெடியளைப் பழக்கு எண்டு கேக்கிறான்.

பீற்றர்: கிளப் தாற வீடு ஐஸ் றிங்குக்கு நேர் முன்னாலை, டொலறஸ். ஜன்னல் சீலையை விலக்கினால் வாசல் தெரியும். அப்பாவுக்கு எந்தக் கோச்சியைக் காட்டுறது?

டொலறஸ்: உள்ளதைச் சொல்லுங்கோ.

பீற்றர்: ஹீத்ரோவிலை உள்ளதைத்தானே சொன்னனான். "என்ன வேலை, மகன்?" எண்டார். "கோச், அப்பா" எண்டன். "கோச்சியோ?" எண்டு கட்டிப்பிடிச்சார். "தொண்ணூறோடை எங்கடை கோச்சி நிண்டுபோச்சு, சண்டையிலை தண்டவாளத்தைக் கிளப்பிப் பங்கருக்குப் போட்டாச்சு, என்ரை பிள்ளை இங்கை ஓடுறான்" எண்டு அழுதார். அந்த முகத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? இல்லை அப்பா, ஐஸுக்கு மேலை தடியோடை ஓடுறவங்களைப் பழக்கிறன் எண்டோ?

டொலறஸ்: சொல்லியிருக்கலாம்.

பீற்றர்: அவர் சின்னனாப் போயிருப்பார். அண்டைக்கு அவரிட்டை இருந்தது ஒரு பையும் அந்த விசிலும்தான். அதையும் எனக்குத் தந்தார். "கார்ட்டின்ரை விசில், வேலைக்குக் கொண்டு போ" எண்டு.

டொலறஸ்: அதைத்தானே றிங்கிலை ஊதுறீங்கள்.

பீற்றர்: ஓம்… வேறை விசில் ஊதினால் எனக்கு வேலை செய்யிற மாதிரி இல்லை.

டொலறஸ்: மாமா சின்னனாகிற ஆள் இல்லை. நீங்கள்தான்…

பீற்றர்: மெல்லக் கதை. படியிலை சத்தம் கேக்குது.

அப்பா: என்ன குசுகுசுப்பு? குல்லா கட்டிலுக்குக் கீழை கிடந்துது. கேடுகெட்ட குல்லா.

பீற்றர்: அப்பா… ஒரு இடமாற்றம் வந்திருக்கு.

அப்பா: எங்கை?

பீற்றர்: வடக்கை. நியூகாசிலுக்கு அங்காலை. கடற்கரைப் பட்டினம்.

அப்பா: வந்தால் போகவேண்டியதுதானே. என்னை மாகோவுக்குப் போட்டாங்கள், தலைமன்னாருக்குப் போட்டாங்கள். கொம்மா ஏனெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. சட்டியைக் கழுவிக் கவிட்டு வெளிக்கிடுவா.

டொலறஸ்: நானும் கேக்கேல்லை, மாமா.

பீற்றர்: ஏலாதெண்டு சொல்லப் போறன்.

அப்பா: ஏன்?

பீற்றர்: உங்களுக்கு இங்கை கோயில் இருக்கு. செபமாலைக் கூட்டம் இருக்கு. சபாரத்தினம் அண்ணை இருக்கிறார்…

அப்பா: சபாரத்தினத்துக்கும் எனக்கும் கதை முடிஞ்சு ஒரு வருசம். இப்ப ரெண்டு பேரும் பார்க்கிலை இருந்து புறாவைப் பாக்கிறம்.

பீற்றர்: அங்கை குளிர்.

அப்பா: நானும் வடக்கான்தான்.

பீற்றர்: பகிடி விடாதேங்கோ, அப்பா.

அப்பா: பகிடியில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லு. அங்கை கோச்சி ஓடுறேல்லையோ?

பீற்றர்: ஓடுது… ஆனால்…

அப்பா: ஆனால்? சொல்லு, மகன். நான் இருக்கிறன்.

பீற்றர்: தேத்தண்ணி ஆறுது, அப்பா. குடியுங்கோ.

அப்பா: சரி, பல்லைப் பற்றிச் சொல்லு. உந்த முன்பல் எப்பிடிப் போனது?

பீற்றர்: முதலே சொன்னனான்தானே. கோச்சிக் கதவு அடிச்சது.

அப்பா: நாடியிலை தையல்?

பீற்றர்: அதுவும் கதவு.

அப்பா: மூக்கு?

பீற்றர்: கதவு.

அப்பா: பொல்லாத கதவு. நான் கார்ட்டா இருந்த நாளிலை கதவெல்லாம் வெளியிலைதான் திறக்கும்.

டொலறஸ்: மாமா, பாவம் விடுங்கோ.

பீற்றர்: அப்பா, கோச் எண்டால்… நான் அண்டைக்குச் சொன்னது…

டொலறஸ்: போன் அடிக்குது.

பீற்றர்: அடிக்கட்டும்.

டொலறஸ்: அந்த மனிசன்தான்.

பீற்றர்: நான் எடுக்கேல்லை. இப்ப ஏலாது. நீ எடுத்து, ஆள் இல்லை எண்டு…

அப்பா: விலகு, நான் எடுக்கிறன்.

பீற்றர்: ஐயோ அப்பா, வேண்டாம். டொலறஸ், மறி.

டொலறஸ்: மாமா எடுக்கட்டும்.

அப்பா: ஹலோ… குட் ஆஃப்ரநூன், சேர்… ஹூ?… பில்லி? யெஸ், யெஸ். கோச் பில்லி இஸ் மை சன்… வெரி குட் கோச், சேர். ஐ நோ. வன் மினிற், பிளீஸ்… என்னடா பாக்கிறாய்? போன் வாயைப் பொத்தித்தான் பிடிச்சிருக்கிறன். அந்தாளுக்குக் கேக்காது.

பீற்றர்: பில்லி எண்டது… உங்களுக்கு எப்பிடி…

அப்பா: ஒரு நாள் பஸ்ஸை விட்டிட்டு நடந்து வந்தன். அந்தப் பெரிய கட்டடத்தின்ரை பின்கதவு திறந்து கிடந்துது. உள்ளுக்கையிருந்து என்ரை விசில் கேட்டுது. தண்டவாளம் இல்லாத இடத்திலை அது கேட்டால் எட்டிப் பாக்கமாட்டனே? நீ ஊதினாய். இருபது பெடியள் ஒரே நேரத்திலை நிண்டாங்கள். ஒரு மெயில் கோச்சியே அப்பிடி நிக்காது.

பீற்றர்: எப்ப இது?

அப்பா: நான் வந்த முதல் மாரி.

பீற்றர்: ஏன் சொல்லேல்லை, அப்பா?

அப்பா: எனக்காக நீ ஒரு கோச்சி ஓட்டினாய். நிப்பாட்ட மனம் வரேல்லை.

பீற்றர்: …டொலறஸ், நீ…

டொலறஸ்: நான் சுவெற்றர் மட்டும்தான் எடுத்துக் குடுத்தனான்.

பீற்றர்: அப்ப… ஞாயிற்றுக்கிழமை… றோஸ்மலர் அக்கா வீட்டிலை…

அப்பா: மனிசன் லைனிலை நிக்குது. இந்தா பிடி, வாறம் எண்டு சொல்லு. ஆனால் போறதுக்கு முதல் இண்டைக்கு அந்த இடக்கைப் பெடியனை மற்றப் பக்கம் மாத்து. எத்தினை செபமாலையாப் பாத்துக்கொண்டிருக்கிறன், அவன் பிழையான பக்கத்திலை நிண்டு எங்களைத் தோக்க வைக்கிறான்.