பெரியவளின் செண்ட்

செண்ட் போட்டபின் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். தேய்த்தால் பூ வாசனை சீக்கிரம் பறந்துவிடும்.

என் அக்காவுக்கு அது தெரியும். அவளுடையது பழைய காலத்துச் செண்ட், பச்சைக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும். போட்டவுடன் பூந்தண்டை ஒடித்ததுபோல ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூக்கள் மேலே வரும். சாயங்காலம் அவள் வேலை விட்டு வரும்போது மழை விட்ட தோட்டம் மாதிரி மணக்கும். என் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. சமையல் முடிவதற்குள் பூவெல்லாம் போய் வெறும் சோப்பு வாடைதான் மிஞ்சும்.

அக்கா வெளியூர் வேலைக்குப் போனபின் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கண் போய்விட்டது, ஞாபகமும் முக்கால்வாசி போய்விட்டது. ஊட்டிவிடும்போது, "நல்லா செய்யுறம்மா. எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்க?" என்று கேட்பாள். நான் அவள் வயிற்றில் பிறந்தவள். வாயைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவேன். வலிக்கத்தான் செய்தது.

ஒருநாள் அலமாரியைத் துடைக்கையில் அக்கா விட்டுப்போன புட்டி கிடைத்தது. சும்மாதான் ஒரு சொட்டு வைத்துக்கொண்டேன். அம்மா என் கன்னத்தைத் தடவி, "வந்துட்டியாடி கண்ணு" என்றாள். அதற்குமுன் என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. அன்றிலிருந்து நான்தான் அக்கா. வாசனை இறங்க இறங்க, சமையலறைக்குள் போய் மறுபடி வைத்துக்கொள்வேன். சின்னவள் எங்கே என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் எதிர்பார்த்ததும் உண்டு.

புட்டி தீர்ந்துகொண்டே வந்தது. இன்னொன்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் உங்க கல்யாணத்துக்கு முந்தியே நின்னுபோச்சும்மா." எனக்கு எங்கே கல்யாணம் ஆயிற்று? அந்த வாரமே அக்கா போன் செய்தாள். "நீ தனியா கெடந்து அல்லாடுனது போதும்டி. நாளைக்கு வந்து அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போயிடுறேன்."

நீங்களே சொல்லுங்கள். பெரிய மகள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள். நாளைக்கு நிஜமான பெரியவள் வந்து நின்றால், நான் யார் என்று அம்மாவிடம் என்ன சொல்வது? அம்மாவின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் அம்மா சாப்பிட்டுப் படுத்திருந்தாள். மிச்சமிருந்த செண்டை என் கழுத்திலும் தலையணையிலும் கவிழ்த்தேன். கசப்பு அடங்கிப் பூ மேலே வரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு தலையணையை அவள் முகத்தில் மெதுவாகத்தான் வைத்தேன். அக்கா கூட இருக்கிறாள் என்ற நினைப்போடு போகட்டும் என்றுதான்.

நடுவில் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சின்னவளே, மூச்சு முட்டுதுடி, எடு" என்றாள்.

நான் எடுக்கவில்லை. பாவம், பக்கத்தில் இருப்பது யார் என்பதுகூடக் கடைசி நேரத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் போய்விட்டது.