லாபிர் பாஸுக்கு வைத்த பரீட்சை

பழைய கார் வைத்திருப்பவன் அயலாரோடு பகைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர். காலையில் தள்ளிவிட ஆள் வேண்டும். நான் யாரோடும் பகைத்தவனல்ல. நான் வேலை செய்யும் கந்தோரில் விசாரித்துப் பாருங்கள், சிவகுருநாதன் குரலை உயர்த்திக் கேட்டதேயில்லை என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சின்னக் காரை ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். கடற்படைத் தளத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது விற்ற கார் அது; நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. என் மனைவி கமலாதேவி கண்ட உடனேயே, "இது கார் இல்லையப்பா, நோயாளிப் பிள்ளை. தூக்கிக்கொண்டு திரியப் போறியள்" என்றாள். அவள் வாய் பொன்வாய். ரேடியேட்டர் ஒழுக்கை அடைத்தால் டைனமோ படுத்தது; டைனமோவை எழுப்பினால் கிளச் தேய்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதுவும் இறக்குமதி நின்றிருந்த காலம். புதுச் சாமான் கொழும்பிலும் கிடையாது.

லாபிர் பாஸின் கராஜ் உவர்மலை இறக்கத்தில் இருந்தது. நல்ல வேலைக்காரர், அதை நான் மறுக்கவில்லை. போனதும் கதிரை போடுவார், பிளேன்டீ வரவழைப்பார். காசு கொடுப்பவனுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் கந்தோரில் கனகசுந்தரம் பகிடியாகச் சொன்னார்: "உம்மட காரின்ர நல்ல சாமானெல்லாம் ஒவ்வொண்டா வேற காருக்குக் குடிபோகுது போல. கவனமாயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு பிளேன்டீ எனக்கு இறங்கவில்லை.

கார்பரேட்டரின் அடியில் அரத்தால் சின்னதாய் ஒரு கீறல் போட்டு வைத்தேன். அடுத்த தடவை கார் கராஜுக்குப் போய்வந்த பிறகு குனிந்து பார்த்தேன். கீறல் இல்லை. உள்ளே இருந்தது வேறு கார்பரேட்டர். எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவிதமான நிம்மதிதான் வந்தது. லாபிரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கள்ளன் உசாராகிவிடுவான்.

ஒரு சாமானை வைத்து ஒருவரைக் கள்ளன் என்று சொல்வது நியாயமல்ல என்றும் யோசித்தேன். ஆகவே ஒரு பரீட்சை வைத்தேன். ஒயில் மாற்ற என்று காரைக் கொண்டுபோனது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நேரமானதும், "ஐயா, கொஞ்சம் இரிங்க, தொழுதிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு லாபிர் போனார். வேலை ஆயுதங்களைப் பூட்டி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய ஸ்பேனரையே எடுத்து, முன் சில்லுக்குப் போகும் பிரேக் குழாயின் நட்டைச் சற்றே இளக்கினேன். நேர்மையானவரென்றால் கண்டுபிடித்து என்னிடம் சொல்வார். கள்ளனென்றால் தெரியாதவர்போல் இருந்து அடுத்த மாதம் புது வேலை காட்டுவார். இவ்வளவுதான் என் நோக்கம்.

ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்திருந்ததை மறைக்கமாட்டேன். அதை மாற்றவேண்டும் என்று லாபிர் பலமுறை சொன்னார். காசு பிடுங்கும் வழி என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

வேலை முடிந்தால் சொந்தக்காரரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவது அவர் வழக்கம். சத்தத்தை நீங்களே கேளுங்கள் என்பார். அன்றும் தொழுதுவிட்டு வந்து, ஒயிலை மாற்றி, என்னை ஏற்றினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பிரேக்கை மிதித்தார், இன்னொருமுறை மிதித்தார். முகம் மாறியது.

"ஐயா, நீங்க இறங்குங்க. பெடல் சரியில்லாம இரிக்கி. கராஜ் கேற்றடி மட்டும் நான் தனியப் போய்ப் பாத்திட்டு வாறன்."

இறங்கினேன். கதவைச் சாத்தியும் விட்டேன். அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். திறந்திருக்கலாம்தான். ஆனால் விடையைச் சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சையாகாதே.

கார் கேற்றடியில் நிற்கவில்லை. இறக்கத்தில் வேகம் எடுத்தது. ஹோர்ன் மட்டும் விடாமல் கேட்டது. சனம் விலகட்டும் என்று அடித்திருப்பார். உட்துறைமுகத்து மதிலோடு சத்தம் முடிந்தது. நான் நடந்துதான் போனேன்; போய்ச் சேர்வதற்குள் அவருடைய மூச்சு அடங்கியிருந்தது. வெயில் கடுமையாக இருந்தது.

என்னுடைய கார்பரேட்டரில் வெடிப்பு விழுந்திருந்ததாம். அதே ரகமான தன்னுடைய காரிலிருந்து கழற்றி எனக்குப் பூட்டினாராம், காசும் எடுக்கவில்லையாம். அவருடைய மனைவி ஸுல்பிகா சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்தப் பெண்பிள்ளை பொய் சொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் கொடுக்கிற மனிதர், சொல்லாமல் எதை எதை எடுத்திருப்பார்?

நட்டை இளக்கியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, இன்ஸ்பெக்டர். ஒவ்வொருமுறையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு போகிறவர், அன்றைக்கு மட்டும் என்னை இறக்கிவிட்டார். எதையோ எனக்கு மறைக்கத்தானே? அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.