துண்டில் மிச்சமிருந்த பின்

அந்த நாற்காலியில உக்காராதீங்க தம்பி, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காபி ஆறிடப் போகுது, குடிச்சுக்கிட்டே கேளுங்க.

வேற யாராவது வண்டியத் தொட்டாங்களான்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். ஆறு வாரமா கட்டின பொண்டாட்டி சாப்பிடாம தூங்காம, 'எங்கப்பாவை நானே கொன்னுட்டேன்'னு சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நீங்கதான் என்ன பண்ணுவீங்க, பாவம். அவ எனக்குத் தங்கச்சி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. சொல்றேன். ஆனா முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும்.

எங்கப்பா கோல்ஃப் மைதானத்துல முப்பத்தெட்டு வருஷம் புல்லு வெட்டினவர். ரிட்டயர் ஆனப்ப அவங்க ஒரு சுவர்க் கடிகாரமும், ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய கோல்ஃப் வண்டி ஒண்ணும் குடுத்தாங்க. மூணு சக்கரம், பெட்ரோல்ல ஓடறது. கிட்டத்தட்ட என் வயசு இருக்கும் அதுக்கு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அப்பாவுக்கு அந்த வண்டிதான் காலு. தினம் சாயங்காலம் அவரைத் தூக்கி உக்கார வச்சு, இடுப்புல பெல்ட்டை மாட்டி, சரிவுல இறங்கி ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வருவேன். குளிப்பாட்டறது, ஷேவ் பண்றது, படுக்கை மாத்தறது எல்லாம் நான்தான். ஒன்பது வருஷம். ஒரு நாள் கூட 'நல்லா இருக்கு'ன்னு சொன்னதில்ல. அவர் சுபாவம் அப்படின்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பழைய பெட்ரோல் வண்டின்னா கார்புரேட்டர்தான் தொல்லை. மழைன்னு ரெண்டு மாசம் ஓட்டாம வச்சா உள்ள நிக்கிற பெட்ரோல் பிசுபிசுன்னு ஆயிடும். ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ஜெட்டுன்னு சொல்வாங்க, அது அடைச்சுக்கும். வண்டி இருமும், மேட்டுல நின்னுடும். முதல் தடவை அப்படி ஆனப்ப நானேதான் கழட்டினேன். நாலு நாள் மல்லுக்கட்டி, ஒரு மெல்லிசான கம்பியால ஜெட்டைக் குத்தி அடைப்பை எடுத்தேன். வண்டி கிளம்பிச்சு. ஆனா கரும்புகையா கக்கிச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைதான் நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்க உள்ள டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவ இன்ஜின் கம்பெனியில வேலை பாக்குறவ இல்லையா. பிளக்கைக் கழட்டி மோந்து பாத்தா. "அக்கா, ஜெட்டுல கம்பி விட்டியா?"ன்னு கேட்டா. கோபமா இல்ல, சிரிச்சுக்கிட்டுதான். கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடுமாம், பெட்ரோல் ஏகத்துக்குப் போகுமாம். புது ஜெட் வாங்கிட்டு வந்து அரை மணி நேரத்துல முடிச்சுட்டா. அப்பா நல்ல கையால தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சார். "டாக்டர் வந்தாத்தான் என் வண்டிக்கு உசுரு. பெரியவ கைய வச்சா வெளங்கின மாதிரிதான்"னார்.

அன்னிலேருந்து அவளுக்கு டாக்டர்னே பேரு. பக்கத்து வீட்டுக்காரங்க, மாத்திரை குடுக்க வர்ற நர்ஸ், யார் வந்தாலும் அந்தக் கம்பிக் கதையச் சொல்லுவார். வாய் கோணினவர் பேசறது மத்தவங்களுக்குச் சரியாப் புரியாது. நான்தான் பக்கத்துல நின்னு அதை வார்த்தை வார்த்தையா எடுத்துச் சொல்லணும். வயிறு எரிஞ்சுது தம்பி. பொறாமைதான், வேற பேரு வைக்க வேண்டியதில்ல.

அப்புறம் நான் ஒண்ணு யோசிச்சேன். அவளால சரி பண்ண முடியாத கோளாறு ஒண்ணு வந்தா இந்தப் பேச்சு தன்னால நின்னுடும். அவ்வளவுதான் என் ஆசை. பெட்ரோல் டேங்குல கொஞ்சம் பஞ்சைப் பிச்சுப் போட்டேன். பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டா. அடுத்த மாசம், பெட்ரோலை இழுத்துக் குடுக்கிற பம்புக்குப் போற ரப்பர் குழாயில குண்டூசியால ஒரு ஓட்டை போட்டேன். சமதரையில ஓடும், மேட்டுல மூச்சு வாங்கும். அதையும் விரலால தடவிப் பாத்தே பிடிச்சுட்டா. பெட்ரோல் நெறஞ்சா அடைக்கிற மிதவை ஒண்ணு உள்ள இருக்கும், அதை லேசா வளைச்சு விட்டேன். அதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு அவளுக்கு. நிமிந்து பாத்து, "பழைய வண்டிக்கா, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரத்தான் செய்யும்"னா. எம்மேல ஒரு துளி சந்தேகம் கெடையாது. அவ மனசு அப்படி.

நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா, மாசம் ஒரு தடவை வந்தவளை வாரா வாரம் வர வச்சதே நான்தான். சனிக்கிழமையே அப்பா தேய்ச்ச சட்டை கேக்க ஆரம்பிச்சார். தேய்ச்சுக் குடுத்ததும் நான்தான்.

அவ வேலை செய்யற விதம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் துண்டை விரிச்சு, கழட்டினதை எல்லாம் கழட்டின வரிசையிலேயே அடுக்குவா. திரும்ப மாட்டும்போது கடைசியிலேருந்து எடுப்பா. துண்டு காலியாச்சுன்னா வேலை முடிஞ்சுது. அப்பாவுக்கு அதைப் பாக்குறதே ஒரு சந்தோஷம். "பாத்தியா, ஒரு திருகு கூட மிஞ்சாது"ன்னு எங்கிட்ட சொல்லுவார்.

அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை கார்புரேட்டர் முழுசையும் இறக்கினா. வண்டி ஒரு அளவுக்கு மேல வேகம் போகாம பிடிச்சு வைக்க ஒரு கம்பி கார்புரேட்டர்ல வந்து மாட்டியிருக்கும். அதைப் பிடிச்சு நிக்கறது ஒரு சின்னப் பின். அவ அதையும் சரியாத்தான் மாட்டினா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். துண்டு காலி. கை கழுவ உள்ள போனா. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறவ, எப்படியும் மூணு நிமிஷம் ஆகும். அப்பாவை இன்னும் வெளிய கூட்டிட்டு வரல. நான் அந்தப் பின்னை உருவி, கம்பியக் கழட்டி விட்டுட்டு, பின்னைத் துண்டு நடுவுல வச்சேன். துண்டை மடிச்சு ஓரமா வச்சுட்டேன்.

வண்டி கொஞ்சம் வேகமாப் போகும், அப்பா பயந்து கத்துவார், திரும்பி வந்து துண்டைப் பிரிச்சா பின் இருக்கும். டாக்டர் கையிலயும் ஒண்ணு மிஞ்சும். அதுக்கு மேல நான் யோசிக்கல. எப்பவும் மாட்டற பெல்ட்டை அன்னிக்கு மாட்டல. அவர் பொண்ணுதானே பக்கத்துல உக்காந்து ஓட்டறா, அவ பாத்துப்பான்னு விட்டுட்டேன். சரிவுக்குக் கீழ வளைவு இருக்குன்னு எனக்குத் தெரியும். மூணு சக்கர வண்டி வளைவுல கவுந்துடும்னும் தெரியும், ஒன்பது வருஷம் ஓட்டினவ நான்தானே. வாசல்ல நின்னு கையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில அப்பா ஒன்பது நாள் இருந்தார். முதல் நாளே அவ துண்டையும் பின்னையும் கொண்டுவந்து அவர்கிட்ட காட்டி, "மாட்ட மறந்துட்டேன்பா"ன்னு கால்ல விழுந்து அழுதா. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ மறந்திருக்க மாட்டே. பெரியவ எதையாவது நோண்டியிருப்பா"ன்னார். நர்ஸுக்குப் புரியல. அவளுக்கும் சரியாப் புரியல. என்னைப் பாத்தா, எடுத்துச் சொல்லுன்னு. ஒண்ணும் தெரியாம, பழக்க தோஷத்துல சொன்ன வார்த்தை அது. சாகக் கெடக்கும்போதும் எம்மேலதான் பழி.

நான் எடுத்துச் சொன்னேன். "உன்னாலதான் இப்படிக் கெடக்குறேன், என் கண்ணு முன்னாடி வராதேன்னு சொல்றார்"னு சொன்னேன்.

அதான் அதுக்கப்புறம் அவ வார்டுக்குள்ள வரல. வெளியவே உக்காந்திருந்தா. அப்பா மிச்ச எட்டு நாளும் கதவைப் பாத்துக்கிட்டு 'டாக்டர், டாக்டர்'னு கேட்டார். நர்ஸு பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வருவாங்க, பாவம். நான் பக்கத்துலயே இருந்து வாயைத் தொடச்சு விட்டேன். கடைசி வரைக்கும் கூட இருந்தவ நான் ஒருத்திதான்.

இதை அவகிட்ட சொல்லிடணும்னு உங்களுக்குத் தோணும். வேண்டாம். அவ தாங்க மாட்டா. அவளை இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க. அப்பா கட்டில் காலியாத்தான் இருக்கு. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சாயங்காலம் கையப் பிடிச்சு ஏரிக்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். அவ மேல எனக்கு இப்ப எந்தக் கோபமும் இல்ல. இனிமே அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க.