ரப்பர் குழாய்

ஈப்போ போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெண், தன் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளிலும் தீக்காயக் கட்டு.

“என் வீட்டுக்காரரு ரப்பர் தோட்டத்திலயே பொறந்தவரு அண்ணே. ரப்பர் குழாய் ஏமாத்தும்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“அது தண்ணிக் குழாய்லா. பெட்ரோல் பட்டா நம்ம ரப்பர் ஊறி உப்பிடும். பெட்ரோலுக்குன்னு வேற குழாய் மோட்டார் கடையில இருக்கு.”

“கடை பூட்டியிருந்துச்சு. பழைய மோட்டார் சைக்கிள்தானே, ரெண்டு நாளைக்கு ஓடும்னாரு. நான்தான் வெட்டிக் குடுத்தேன். குழாய் கழண்டு, சூடான இஞ்சின்ல பெட்ரோல் கொட்டித் தீப்பிடிச்சிருச்சு.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எழுந்தார்கள்.

“கண்ண முழிச்சதும் மோட்டார் எங்கன்னுதான் கேப்பாரு. என்ன சொல்ல அண்ணே?”

“முதல்ல முழிக்கட்டும்மா.”