மைனா இறகுத் தொங்கட்டான்

இலையை வெள்ளியில் வார்ப்பதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த இலையாகப் பார்த்து எடுக்க வேண்டும். பச்சை இலையில் ஈரம் இருக்கும்; உலையில் வைத்ததும் அச்சு வெடித்து இரண்டு நாள் வேலை பாழாகிவிடும். காய்ந்த இலையை பிளாஸ்டர் கலவையில் புதைத்துச் சூடேற்றினால் இலை எரிந்துபோய், அதன் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் நிற்கும். அதில் வெள்ளியை ஊற்றுவேன். விதை, சுள்ளி, பறவை இறகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒன்றை எரித்தால் ஒரு நகை. இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. மைனாவைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன்.

வீட்டில் அம்மா, நான், மைனா. தங்கை கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு நான்கு வருஷம் பார்த்துக்கொண்டது நான்தான். குளிப்பாட்டுவேன், தலைவாரி விடுவேன், ஊட்டுவேன். அவள் வாயைத் திறந்தால் "பாப்பா"தான். பாப்பா என்றால் என் தங்கை. "பாப்பா சாப்டாளா? பாப்பா போன் பண்ணாளா?" கூண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் மைனாவும் அதையே பிடித்துக்கொண்டது. காலையில் இரண்டு பேரும் முறைபோட்டுப் பாப்பாவைக் கூப்பிடுவார்கள். இருவருக்கும் சாப்பாடு போடுகிற ஆள் நான். சிரித்துக்கொள்வேன். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா போனதும் தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, வளையல், பாத்திரம் எல்லாம் நீயே வெச்சுக்க. மைனாவ மட்டும் எனக்குக் குடுத்துடு. அம்மா குரல் இப்ப அதுகிட்டதான இருக்கு."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை நான் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது மைனா புதிதாக ஒன்று சொன்னது. அம்மாவின் கடைசி நாட்களில் இருந்த அதே கம்மிய குரல். "பெரியவளே, தண்ணி குடுடி. நாக்கு ஒட்டுதுடி." பெரியவள் நான். போனை வைத்துவிட்டேன்.

அன்றே கழுத்தைத் திருகினேன். மைனாவின் கழுத்து சின்னது, சிரமமே இல்லை. இறக்கையில் வெள்ளை படிந்த இறகுகளாக இரண்டை எடுத்து, மெழுகு பூசி, வார்த்து, தங்கைக்குத் தொங்கட்டான் செய்தேன். என் கையால் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. மைனா தானாகச் செத்துவிட்டது என்றேன். அவள் அழுது முடித்து, ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி அசையாமல் நின்றாள்.

"என்னடி?"

"அம்மா ஏதாச்சும் சொல்றாங்களான்னு பாக்குறேன்க்கா."

அப்போது எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமைப் பேச்சை அவள் போனில் பதிவு செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பின்னணியில் மைனா கத்துவதை, அம்மா நினைவு வரும்போதெல்லாம் போட்டுக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறாள். பாவம். அதைத்தான் ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

முதலில் உங்களிடம், அம்மா தண்ணீர் கேட்டது ஒரே ஒரு நாள், உலைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றேன். ஒரு தடவை கேட்டதை மைனா திருப்பிச் சொல்லுமா என்றீர்கள். வளர்த்தவளுக்குத் தெரியாதா? நாள்கணக்கில் கேட்க வேண்டும். அது ஒரு மாதம் கேட்டது.

அம்மா நிறையக் குடித்தால் படுக்கை நனைந்துவிடும். வெள்ளி உருகி நிற்கும்போது நான் பாதியில் எழுந்து போக முடியாது. அதனால்தான் காலையில் ஒரு டம்ளர், மாலையில் அரை டம்ளர் என்று வைத்தேன். பிறகு மாலையில் கொடுப்பதை நிறுத்தினேன். கடைசியில் காலையிலும் இல்லை. நெடுநாள் படுக்கையில் கிடந்தவள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் வேலை அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு கதவுதான். அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் முழுக்க அவள் பாப்பாவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்திருந்தால் மறுபடி பாப்பாவிடமே போயிருப்பாள்.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பதிவை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள். "பெரியவளே" என்கிற இடம் வரைக்கும் போதும்.